வேட்டைக் களம் பறவைப் புகலிடமான வரலாறு

ஓய்வு நாளில் ஊரை விட்டு வெளியே சென்று உலவி வருவது மனிதனுக்கு என்றும் இன்பம் தரும் செயல். சிலர் மலை ஏறுவர். சிலர் கடற்கரையை நாடுவர். சிலர் ஏரிக்கரையில் அமர்ந்து பறவைகளைப் பார்த்துக்கொண்டிருப்பர். இவற்றுள் பறவை பார்த்தல் மிக எளிய பொழுதுபோக்கு எனத் தோன்றும். கண்ணும் பொறுமையும் இருந்தாற் போதும். வேறு முதல் வேண்டியதில்லை. ஆயினும் இந்த எளிய இன்பத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பறவை நிறைந்த நீர்நிலைக்கு மனிதன் எக்காலத்தும் பார்ப்பதற்காகவே சென்றதில்லை. வலையோடு சென்றான், வில்லோடு சென்றான், பின்னர்த் துப்பாக்கியோடு சென்றான். உயிரோடு பறக்கும் பறவையைக் கண்டு மகிழ்ந்து, வந்தவாறே திரும்புவதற்காக அவன் திரள் திரளாகச் செல்லத் தொடங்கியது மிக அண்மைக் காலத்தில்தான். இந்த மாறுதல் முழுவதும் ஒரே இடத்தில், ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்ந்ததைக் காண விரும்புவோர் ராஜஸ்தான் மாநிலத்துப் பரத்பூரின் கதையை அறிந்துகொள்ள வேண்டும்.

பரத்பூர் நகரம் ராஜஸ்தானின் கிழக்கு எல்லையில், ஆக்ராவுக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நகரத்தை அடுத்துத் தென்கிழக்கே, சுமார் 29 சதுரக் கிலோமீட்டர் பரப்பில், சதுப்பு நிலமும் புல்வெளியும் காடும் கலந்து கிடக்கின்றன. இதுவே கேவலாதேவ் தேசியப் பூங்கா. அதன் நடுவே சிவபெருமானுக்கு ஒரு கோயில் உண்டு. அங்கே எழுந்தருளியுள்ள இறைவனின் பெயர் கேவலாதேவ். அப்பெயரே இடத்துக்கும் ஆயிற்று. ஊர் மக்கள் இதனைக் ‘கனா’ என்றும் வழங்குவர். நம் மொழியிற் கனவைக் குறிக்கும் சொல் அன்று இது. அடர்ந்தது என்னும் பொருளுடைய வடசொல். மரம் அடர்ந்த காடு ஆதலின் அப்பெயர் வந்தது.

பரப்பிற் பெரியதென்று இவ்விடத்தைச் சொல்ல இயலாது. நம் நாட்டுத் தேசியப் பூங்காக்களுள் சிறியனவற்றை எண்ணினால் அவற்றுள் இதுவும் ஒன்றாக வரும். ஆனால் இச்சிறு பரப்புக்குள் 350க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் காணப்பட்டிருக்கின்றன. இதற்குக் காரணம் யாது? மண்ணா, மரமா, தட்பவெப்பமா? மூன்றும் ஓரளவு காரணமே. ஆனால் தலையாய காரணம் நீர். அந்த நீரும் இயற்கை தானே கொண்டுவந்து நிறைத்த நீர் அன்று. மனிதன் கரை கட்டித் தேக்கி, மதகு வைத்துப் பகிர்ந்து, ஆண்டுதோறும் விட்டுவந்த நீர். எனவே பரத்பூரின் பறவை வரலாறு அதன் நீர் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறது.

கம்பீர், பாணகங்கா என்னும் இரண்டு ஆறுகள் அவ்வட்டாரத்தில் ஓடுகின்றன. இரண்டும் நம் காவிரியைப் போல நெடுநாள் ஓடுபவை அல்ல. மழைக்காலத்தில் பெருகி, மழை நின்றதும் வற்றுபவை. இவற்றின் வெள்ளம் வந்து பரவுவதற்கு ஏற்ற இயற்கைப் பள்ளம் ஒன்று பரத்பூருக்கு அருகில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டை ஆண்ட ஜாட் மன்னர் சூரஜ் மல், அஜான் அணை என்னும் மண்கரையை எழுப்பி அவ்வெள்ளத்தைத் தேக்கினார். நகரத்தை வெள்ளத்திலிருந்து காப்பதும், நீரைப் பயிருக்குப் பயன்படுத்துவதுமே அன்று கருதப்பட்டவை. பறவைகளை நினைத்து எவரும் அக்கரையைக் கட்டவில்லை. ஆனால் ஆழமற்ற நீர் பரந்து நின்ற இடத்தைப் பறவைகள் தாமே கண்டுபிடித்துக்கொண்டன.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலத்துக்குப் புதியதொரு பயன் கற்பிக்கப்பட்டது. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான வாத்துகள் இங்கே வந்து இறங்குவதைப் பரத்பூர் அரசினர் கண்டனர். அவற்றைச் சுட்டு விளையாடுவதற்கேற்ற வேட்டைக் களமாக இதனை அமைக்க முற்பட்டனர். அஜான் அணையிலிருந்து வாய்க்கால் வெட்டினர். பள்ளத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கரைகளாற் பிரித்துப் பல பாத்திகளாக்கினர். ஒவ்வொரு பாத்திக்கும் மதகு வைத்தனர். எப்பாத்தியில் எவ்வளவு நீர் நிற்க வேண்டும் என்பதை மதகின் பலகையை ஏற்றியும் இறக்கியும் முடிவு செய்தனர். நம் ஊர்க் கழனிகளில் மடை திறந்து நீர் பாய்ச்சும் உழவர் செய்கிற வேலைதான் இது. நெல்லுக்காகச் செய்வதை அங்கே வாத்துக்காகச் செய்தனர். நீர் வேலை நன்கு செய்யப்பட்டது. பறவைகளும் முன்னினும் பெருகி வந்தன.

1902ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வைசிராய் கர்சன் பிரபுவின் முன்னிலையில் முதற்பெரு வேட்டை நடைபெற்றது. 17 துப்பாக்கிகள்; வீழ்ந்த பறவைகள் 540. அதன்பின் வைசிராய்களும் அயல்நாட்டு இளவரசர்களும் இந்திய மன்னர்களும் குளிர்காலந்தோறும் பரத்பூருக்கு அழைக்கப்பட்டனர். வேட்டைக்கு வராத வைசிராய் இல்லை என்னும் அளவுக்கு இது அரசியல் விருந்தாகவே ஆயிற்று. விருந்தினர் கரைகளில் வரிசையாக நிற்பர். ஆட்கள் நீரில் இறங்கி ஆரவாரம் செய்து பறவைகளை எழுப்புவர். எழுந்த பறவை எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒரு துப்பாக்கி காத்திருக்கும்.

1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் லின்லித்கோ பிரபு தலைமையில் வந்த குழு ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. 39 துப்பாக்கிகள் என்பது கணக்கு. அப்படியானால் ஒரு துப்பாக்கிக்கு நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள். உணவுக்காகவா இத்தனை? அன்று. எண்ணிக்கைக்காக. ஒருவர் சுட்ட எண்ணை மற்றொருவர் விஞ்ச வேண்டும் என்பதே அந்த விளையாட்டின் நோக்கம். வேட்டை நடந்த நாள், தலைமை விருந்தினர் பெயர், துப்பாக்கிகளின் தொகை, வீழ்ந்த பறவைகளின் தொகை ஆகியவற்றை வரிசையாகப் பொறித்த கற்பலகைகள் கேவலாதேவர் கோயிலுக்கு அருகே நிறுவப்பட்டன. பெருமைக்காகப் பொறித்தவை அவை. அவற்றின் முன் நின்று படிக்கும் இக்காலத்து மாணவன் வேறு வகையான உணர்ச்சியையே அடைகிறான். கல்லும் எழுத்தும் மாறவில்லை. படிப்பவன் மனம் மாறிவிட்டது. வரலாறு என்பது இதுவே அன்றோ?

இங்கே நாம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சுடுவதற்காகவே ஆயினும், அரசினர் அந்நிலத்துக்கு ஆண்டுதோறும் தவறாமல் நீர் விட்டனர், மரம் வெட்டாமல் காத்தனர், உழாமல் விட்டுவைத்தனர். வேட்டைக்காரன் பறவையின் பகைவன். ஆனால் அவன் வாத்துக்காக விட்ட நீரில் நாரையும் கொக்கும் கூடு கட்டி வாழ்ந்தன. அந்த வேட்டைக் களம் இல்லாதிருந்தால் பரத்பூர்ச் சதுப்பு நிலம் எப்போதோ வயலாகவும் வீடாகவும் மாறியிருக்கக் கூடும். இதனாற் கொலை நியாயமாகிவிடாது. ஆனால் புகலிடம் ஒன்று நிலைபெற வேண்டுமானால் எவரேனும் அதற்கு நீரை உறுதி செய்ய வேண்டும் என்பது புலனாகிறது. இந்த உண்மை பின்னர் மிகக் கசப்பான முறையில் நினைவூட்டப்பட்டது.

நாடு விடுதலை பெற்றபின் மன்னராட்சி மறைந்தது. மன்னனின் வேட்டைக் காட்டுக்கு ஏன் இத்தனை நீர்? அதனை வடித்து உழுதால் நிலமற்றவர்க்கு நிலம் கிடைக்குமே! இவ்வாறு அவ்வட்டாரத்தில் குரல் எழுந்தது. உணவுப் பஞ்சம் நிலவிய அந்நாளில் இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பறவைப் பேரறிஞர் சாலிம் அலி அப்போது முன்வந்தார். இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1941ஆம் ஆண்டிலேயே வெளிவந்து, கற்றோரிடையே பறவை பார்க்கும் வழக்கத்தைப் பரப்பியிருந்தது. அவர் பிரதமர் ஜவாஹர்லால் நேருவிடம் முறையிட்டார். நேரு தலையிட்டதனால் நிலம் தப்பியது. 1950களில் அது பறவைப் புகலிடம் என்னும் பெயரைப் பெற்றது.

பெயர் வந்ததும் துப்பாக்கி ஓய்ந்துவிடவில்லை. முன்னாள் மன்னருக்குச் சுடும் உரிமை நீடித்தது. இறுதிப் பெரு வேட்டை நடந்தது 1964ஆம் ஆண்டில். சுடும் உரிமை முற்றிலும் முடிந்தது 1972ஆம் ஆண்டில். அவ்வாண்டிலேதான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆக, இருபது ஆண்டுக் காலம் அளவுக்கு, பார்ப்பவரும் சுடுபவரும் ஒரே நீர்நிலையைப் பகிர்ந்துகொண்டனர் எனலாம்.

அதே காலத்தில் மற்றொரு பணியும் அங்கே நடந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பறவைகளின் வலசையை ஆராயத் தொடங்கினர். பறவையைப் பிடிக்க வேண்டும். காயம் படாமல் பிடிக்க வேண்டும். காலில் எண் பொறித்த வளையத்தை மாட்டி விட்டுவிட வேண்டும். இக்கலையில் வல்லவர் யார்? பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் என்னும் பரம்பரைப் பறவை பிடிப்போர். விற்பதற்காகப் பறவை பிடித்த கைகளே ஆராய்ச்சிக்காகப் பிடிக்கும் கைகள் ஆயின. பரத்பூரில் வளையம் இட்ட வாத்துகள் நடு ஆசியாவிலும் சைபீரியாவிலும் மீண்டும் கிடைத்தன. ஒரு சிறு சதுப்பு நிலம் எத்தனை நாடுகளுக்குச் சொந்தமானது என்பதை அந்தச் சிறு வளையங்கள் மெய்ப்பித்துக் காட்டின.

இனி, பார்க்கச் செல்பவர் அங்கே என்ன காண்பர் என்று கூறுவோம். நல்ல மழை பெய்து நீர் நிறைந்த ஆண்டில், ஆகஸ்டு மாதத்திலிருந்து கூடு கட்டும் பருவம். நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் ஒரு கிளையும் வெறிதாக இராது. மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, பலவகைக் கொக்குகள் எல்லாம் ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் குடியிருக்கும். நாரைக் குஞ்சுக்கு மீன் வேண்டும். அந்த மீன் எங்கிருந்து வருகிறது? ஆற்று வெள்ளத்தோடு மீன் குஞ்சுகள் அடித்து வரப்பட்டு, மதகு வழியாகப் பாத்திகளிற் புகுந்து, வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் விரைந்து வளர்கின்றன. கிணற்று நீரை இறைத்து ஊற்றினால் பாத்தி நிறையலாம், மீன் வாராது. ஆற்று நீருக்கும் கிணற்று நீருக்கும் உள்ள இவ்வேறுபாட்டைப் பறவைகள் நன்கறியும்.

நவம்பர் முதற்கொண்டு பிப்ரவரி வரை விருந்தினர் பருவம். ஊசிவால் வாத்தும் கிளுவையும் தட்டைவாயனும் கூட்டம் கூட்டமாக நீரை மூடிக் கிடக்கும். இமயத்தைக் கடந்து வந்த பட்டைத்தலை வாத்து கரையோரப் புல்லை மேயும். நாமக்கோழிகள் வெள்ளை நெற்றியோடு நீந்தித் திரியும். சாரசக் கொக்கு இணை பிரியாமல், ஆள் உயரத்துக்கு நின்று, எக்காளம் போன்ற குரல் எழுப்பும். நீர் இல்லாத மேட்டுப் பகுதியில் நீலமானும் புள்ளிமானும் உலவும். குளிர்கால வெயிலில் மலைப்பாம்பு வளையை விட்டு வெளியே வந்து காயும்.

இவற்றையெல்லாம் காண்பதற்கு அங்கே மேற்கொள்ளப்பட்ட முறையும் குறிப்பிடத்தக்கது. வேட்டைக்காக எழுப்பிய கரைகளே பார்வையாளர் செல்லும் பாதைகள் ஆயின. எண்ணெய் வண்டிகள் உள்ளே செல்லாதவாறு வாயிலுக்குச் சற்று அப்பால் தடுக்கப்பட்டன. நடந்து செல்லலாம், மிதிவண்டியிற் செல்லலாம், மிதிவண்டி ரிக்‌ஷாவில் ஏறிச் செல்லலாம். இந்த ரிக்‌ஷா ஓட்டுநர்களே பரத்பூரின் தனிச் சிறப்பு. பூங்கா அலுவலர்கள் அவர்களுக்குப் பறவைகளைப் பற்றிய பயிற்சி அளித்தனர். ஓட்டுநர் வண்டியை மெல்ல மிதித்துச் செல்வார், திடீரென நிறுத்துவார், ஒரு கிளையைச் சுட்டிக் காட்டுவார். அங்கே பட்டையோடு பட்டையாக ஓர் ஆந்தை உறங்கிக்கொண்டிருக்கும். அதன் ஆங்கிலப் பெயர், இந்திப் பெயர், அது எத்தனை நாளாக அம்மரத்தில் இருக்கிறது என்னும் செய்தி எல்லாம் அவர் நாவில் இருக்கும். பள்ளியில் நெடுநாள் பயிலாதவர்களும் பல நாட்டு அறிஞர்களுக்கு வழிகாட்டிகளாக விளங்கினர். கல்வி ஏட்டில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

1981ஆம் ஆண்டு அக்டோபரில் இந்நிலம் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஒரிசாவின் சிலிகா ஏரியோடு சேர்ந்து இந்தியாவிலிருந்து அப்பட்டியலில் முதன்முதல் இடம்பெற்றது இதுவே. 1982ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா ஆயிற்று. 1985ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்ந்தது. புகழின் படிகள் இவை. ஆனால் அதே 1982ஆம் ஆண்டில்தான் இவ்வரலாற்றின் மிகத் துயரமான நிகழ்ச்சியும் நடந்தது.

பூங்காவைச் சுற்றிச் சிற்றூர்கள் பல உள்ளன. அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் எருமைகளைச் சதுப்பு நிலத்தில் மேய்த்தும், புல்லறுத்தும், விறகு பொறுக்கியும் வந்தனர். தேசியப் பூங்காவில் கால்நடை மேயக் கூடாது என்பது சட்டம். பூங்காவைச் சுற்றி மதில் எழுந்தது, மேய்ச்சல் தடுக்கப்பட்டது. மாற்று மேய்ச்சலுக்கு வழி காட்டாத தடை அது. 1982 நவம்பரில் மக்களுக்கும் காவலருக்கும் மோதல் ஏற்பட்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது. ஊர் மக்கள் சிலர் உயிரிழந்தனர். பறவையைச் சுடுவது ஓய்ந்த இடத்தில் மனிதர் சுடப்பட்டனர். பறவைகளின் நன்மைக்காகவே இவையெல்லாம் என்று கூறப்பட்டது. ஆனால் பறவைகளுக்கு நன்மை விளைந்ததா?

இக்கேள்விக்கு விடை கண்டது அறிவியல். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1980 முதல் 1990 வரை அங்கே நீண்டதோர் ஆராய்ச்சி நடத்தினர். தலைமை தாங்கியவர் வி. எஸ். விஜயன். எருமைகள் நீங்கியபின் நீர்ப்புல் ஒன்று கட்டுக்கடங்காமல் படர்ந்து நீரின் மேற்பரப்பையே மூடிவிட்டது என்று அவர்கள் கண்டனர். வாத்து நீந்துவதற்கு இடமில்லை; கொக்கு கிழங்கு தோண்ட இடமில்லை; மீன் திரிய இடமில்லை. எருமைகள் இதுகாறும் அப்புல்லை மேய்ந்து நீரைத் திறந்து வைத்திருந்தன! அவற்றைப் பகையென்று எண்ணி வெளியேற்றினோம். அவை வேலைக்காரர்களாக இருந்தன என்பது பின்னரே தெரிந்தது. அளவோடு மேய்ச்சல் வேண்டும் என்று அவ்வறிஞர்கள் துணிந்து எழுதினர். ஆராய்ச்சி, தான் எதிர்பார்த்த விடையை அன்றி, கண்ட விடையைக் கூறுவதே நேர்மை. இவ்விஜயனே பின்னர்க் கோயம்புத்தூரில் சாலிம் அலி பெயரால் அமைந்த பறவையியல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராக வந்தார். பரத்பூரிற் கற்ற பாடம் நம் தமிழ்நாட்டு மண்ணிலும் ஓர் ஆராய்ச்சிக் கூடமாக வேரூன்றியது எனலாம்.

பரத்பூரின் பெயரை உலகெங்கும் பரப்பிய பறவை ஒன்று இருந்தது. அது சைபீரியக் கொக்கு. தூய வெண்ணிற உடல், சிவந்த முகம், சிறகை விரித்தால் மட்டும் தோன்றும் கரிய நுனி. மேற்குச் சைபீரியாவின் ஓப் ஆற்றுப் பகுதியிலிருந்து புறப்பட்டு, நடு ஆசியாவையும் ஆப்கானிஸ்தானையும் பாகிஸ்தானையும் கடந்து, ஐயாயிரம் கிலோமீட்டர் பறந்து, ஆழமற்ற நீரில் கோரைக்கிழங்கைத் தோண்டித் தின்பதற்காக இங்கே வந்தது. 1964–65 குளிர்காலத்தில் ஏறத்தாழ 200 கொக்குகள் வந்தன. 1980ஆம் ஆண்டில் 33. பிறகு விரல் விட்டு எண்ணத் தக்க சில. 2001–02 குளிர்காலத்தில் ஒரே ஓர் இணை வந்தது. வசந்தத்தில் வடக்கே பறந்தது. அதன்பின் அவ்வினம் பரத்பூருக்குத் திரும்பவே இல்லை. செல்லும் வழியெங்கும் வேட்டை. தங்கிச் செல்லும் நீர்நிலைகளின் அழிவு. பரத்பூரில் மதிலும் காவலும் இருந்தும் பயன் என்ன? ஐயாயிரம் கிலோமீட்டர் வழியின் ஒரு முனையை மட்டும் காத்தால் வழிப்போக்கன் பிழைப்பதில்லை.

கொக்கு மறைந்த சில ஆண்டுகளில் நீருக்கும் இடர் வந்தது. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில், கரௌலிக்கு அருகே, பாஞ்சனா என்னும் அணை உயர்த்தப்பட்டது. 2004ஆம் ஆண்டில் மழை குறைந்தது. அணை நீர் எங்களுக்கே போதாது. பறவைக்கு ஏன் விட வேண்டும் என்று மேற்பகுதி உழவர் எதிர்த்தனர். பூங்காவுக்கு வந்த ஆற்று நீர் நின்றது. பாத்திகள் வெடித்தன. நீர் நின்ற இடங்களில் சீமைக் கருவேலம் புகுந்து பரவியது. நம் இராமநாதபுரத்துக் கண்மாய்களை அறிந்த மாணவர்க்கு அக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. நாரைகள் கூடு கட்டவில்லை. பறவை இல்லாத பூங்காவுக்குப் பார்வையாளர் வருவாரா? ரிக்‌ஷா ஓட்டுநரின் வருவாயும் விடுதிக்காரரின் வருவாயும் சேர்ந்து வற்றின. உலக மரபுச் சின்னம் என்னும் மதிப்பே நீடிக்குமோ என்று ஐயுறும் நிலை தோன்றியது.

பூங்காவுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 55 கோடி கன அடி நீர் வேண்டும். பழைய ஆற்றை மட்டும் நம்பியிருக்க இயலாது என்று உணர்ந்த அரசினர் வேறு வழிகளைத் தேடினர். கோவர்தன் வடிகாலில் வீணே ஓடும் மழை வெள்ளத்தைக் குழாய் வழியே கொண்டுவரும் திட்டம் 2012ஆம் ஆண்டில் நிறைவேறியது. சம்பல் ஆற்றிலிருந்தும் ஒரு பங்கு கிடைத்தது. சீமைக் கருவேலத்தை வேரோடு களையும் பணியில் சுற்றியுள்ள ஊர் மக்களே சேர்க்கப்பட்டனர். வெட்டிய மரத்தை அவர்களே விறகாக எடுத்துக்கொண்டனர். மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே மதிலுக்குள் வந்து நிலத்தை மீட்டனர். நீர் வந்த ஆண்டுகளில் நாரைகளும் மீண்டன.

இவ்வரலாற்றை நம் செங்கற்பட்டு வட்டாரத்து வேடந்தாங்கலோடு வைத்துப் பார்ப்பது பொருந்தும். அங்கே மன்னன் வேட்டைக் களம் அமைக்கவில்லை. ஏரியில் தங்கும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகும் என்று அறிந்த உழவர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடக் கூடாது என்று ஆட்சியாளரிடம் உரிமை பெற்றுக் காத்தனர். ஓரிடத்தில் ஊரின் நலமும் பறவையின் நலமும் தொடக்கத்திலேயே ஒன்றாயின. மற்றோரிடத்தில் அவை ஒன்றாவதற்கு ஒரு நூற்றாண்டும் சில உயிர்களும் தேவைப்பட்டன. எது நல்ல வழி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

துப்பாக்கி ஏந்தியவன் தன் இன்பத்துக்காக ஆற்றையே திருப்பினான். அவனிடம் அதிகாரம் இருந்தது. தொலைநோக்கி ஏந்தியவனிடம் அந்த அதிகாரம் இல்லை. அவனுடைய இன்பம் மேற்பகுதி உழவன் திறந்துவிடும் நீரையும், அண்டை ஊரான் காட்டும் பொறுமையையும், தொலைநாட்டு வேடன் தாழ்த்தும் துப்பாக்கியையும் நம்பியே நிற்கிறது. ஆதலின் பார்ப்பவனுக்கும் கடமை உண்டு. கூட்டுக்கு அருகே செல்லாதிருத்தல், கூச்சலிடாதிருத்தல், குப்பை போடாதிருத்தல் ஆகியவை சிறு கடமைகள். அந்த நீர் எங்கிருந்து வருகிறது, அதனால் எவர் இழக்கிறார், அவருக்கு நாம் என்ன ஈடு செய்கிறோம் என்று கேட்டறிதல் பெருங்கடமை.

விடுமுறையில் ஏதேனும் ஒரு நீர்நிலைக்குப் பறவை காணச் செல்லும் மாணவர்கள், முதலில் பறவைகளை எண்ணட்டும், குறிப்பேட்டில் எழுதட்டும். பின்னர் மதகருகே சென்று அதன் பலகையையும், அதைத் திறப்பவரையும் பார்க்கட்டும். அவரோடு சில நிமிடம் பேசட்டும். அந்நீர்நிலையின் வரலாற்றில் பாதியை அவரே சொல்லிவிடுவார்.